இரண்டு பேர் மேசை

ஒரு சாமானை வாங்கப் போனால் இராசதுரை முதலில் பார்ப்பது சாமானை அல்ல, வாசலை. விற்கிறவனுக்கும் வாசலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். யாழ்ப்பாணம் பெரியகடையில் புடைவைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவருக்குக் கைவந்த பெரிய வித்தை அந்தத் தூரத்தை நடப்பதுதான். விலையைக் கேட்டு முகம் சுளித்து, சாமானை மெல்லக் கீழே வைத்து, "சரி, போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கவேண்டும். வேகமாக நடந்தால் வியாபாரம் முறியும். மெதுவாக நடந்தால் ஆசை தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை இருக்கிறது. அதை நடக்கத் தெரிந்தவனின் முதுகுக்குப் பின்னால் "அண்ணை, நில்லுங்கோ" என்று ஒரு குரல் வந்தே தீரும்.

கனடாவில் அந்தக் குரல் வருவதில்லை. இங்கே விற்கிறவன் "ஹாவ் எ நைஸ் டே" என்று சிரித்துக் கதவையும் திறந்துவிடுகிறான். அப்படித் திறந்துவிட்ட கதவுகளால் வெளியே வந்து, காருக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போய், கேட்ட விலைக்கே வாங்கிய சாமான்கள்தான் நகரின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில் அவருடைய கராஜ் முழுக்க நிறைந்து நின்றன. எல்லாம் ஒரே சாமான். 'ரிவர் சீஜ்' என்ற, காசு போட்டு விளையாடுகிற பழைய மின்சார மேசைகள்.

பார்த்தால் சாப்பாட்டுக் கடையில் இருவர் எதிரெதிரே இருக்கிற சின்ன மேசை போலத்தான் இருக்கும். மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே திரை. திரையின் நடுவில் ஒரு ஆறு, இக்கரையில் உன் கோட்டை, அக்கரையில் அவன் கோட்டை. பீரங்கியை எங்கே வைக்கிறாய், எந்தச் சுவரைப் பலப்படுத்துகிறாய் என்பது மற்றவனுக்குத் தெரியாது. இருவரும் வைத்து முடித்த பிறகுதான் ஆற்றின் மேல் மூடியிருக்கிற புகை விலகும். சுட்டு விழுத்துகிற கைவேகம் இதில் உதவாது. எதிரே இருக்கிறவனின் முகத்தைப் படிக்கத் தெரியவேண்டும். தனியாக விளையாட வழியே கிடையாது. மேசைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தான்களை இரண்டு பேர் அமத்தினால்தான் ஆட்டம் தொடங்கும். இரண்டு பக்க மூலையிலும் ஒவ்வொரு வெள்ளைப் பொத்தானும் உண்டு. அது சமாதானப் பொத்தான். இருவரும் ஒரே நேரத்தில் அமத்தினால் ஆட்டம் சமன், அடுத்த ஆட்டம் இலவசம்.

"ரெண்டு தமிழர் ஒரே நேரத்திலை சமாதானப் பொத்தானை அமத்துறதோ? உதைக் கண்டுபிடிச்சவன் எங்கடை ஆக்களைக் காணேல்லைப் போல கிடக்கு" என்று முதல் நாளே சொன்னவன் அல்பேட்.

அது லோரன்ஸ் வீதியில் ஒரு டோனற் கடையில். இருவரும் அகதியாக வந்த புதிது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்ற். அல்பேட் பாசையூர்க்காரன், மீன் ஏலம் கூறுகிற இடத்தில் வளர்ந்தவன். அங்கே விலை கேட்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. புருவத்தை ஒரு நூல் உயர்த்துவார்கள், அவ்வளவுதான். புடைவைக் கடைக்காரனின் வாயும் மீன்காரனின் புருவமும் அந்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தன. டோனற் கடைக்காரக் கிரேக்கன் இவர்களைப் பார்த்தாலே கோப்பிக் கேத்தலை நிரப்பத் தொடங்கிவிடுவான். யார் எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்ற கணக்கு இருவரிடமும் இருந்தது. இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை.

பிறகு கலியாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன். அல்பேட் நகரின் மேற்கு முனைக்கு, ரெக்ஸ்டேலுக்குப் போனான், இராசதுரை வெக்ஸ்போர்ட்டிலேயே கடை போட்டார். டோனற் கடையை இழுத்து மூடியபோது அந்த மேசையைக் கிரேக்கன் அல்பேட்டிடம் கொடுத்துவிட்டான். சும்மா கொடுத்தான் என்பதை இராசதுரையால் இன்றுவரை தாங்க முடியவில்லை. ஒரு மாரியில் அல்பேட்டின் பேஸ்மென்ற்றுக்குள் வெள்ளம் ஏறி மேசை ஊதி உதிர்ந்துபோக, உள்ளே இருந்து ஆட்டத்தை ஓட்டுகிற மின்தகடு, அந்தப் போர்ட், மட்டும் தப்பியது.

இராசதுரை மேசைகளைத் தேடி அலையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஓஷவாவில் ஒரு போலிங் நிலையம், சட்பரியில் ஒரு மதுக்கடை, பரி என்ற ஊரில் ஒரு கிழவரின் நிலவறை. ஒவ்வொன்றும் பளபளவென்று கிடைத்தது, ஒவ்வொன்றும் செத்துக் கிடைத்தது. அந்த யந்திரத்தின் போர்ட்டில் ஒரு சிப் இருக்கிறது. காலம் போனால் அதுவாகவே பட்டுப்போகும். செய்த கொம்பனி ஒரு வருடத்திலேயே மூடியாயிற்று. மாற்றுச் சிப் உலகத்தில் இல்லை. இராசதுரைக்குத் தெரிந்தவரையில் உயிரோடு இருந்த ஒரே போர்ட், அல்பேட் வீட்டில், பூப்போட்ட துவாயில் சுற்றியபடி இருந்த போர்ட்தான்.

ஆக, உடம்பெல்லாம் வெக்ஸ்போர்ட்டில். உயிர் ரெக்ஸ்டேலில்.

இவர்களுக்குள் காசு ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. இருந்திருந்தால் ஒருநாள் தீர்ந்திருக்கும். பிரச்சினை மேசை எங்கே நிற்பது என்பது.

"ஒரு மேசையைக் கொண்டுவந்து இஞ்சை இறக்கு, மச்சான். போர்ட்டைப் பூட்டுவம். நீ வா, விளையாடுவம்" என்பான் அல்பேட்.

"ஏன், நீ போர்ட்டைக் கொண்டு அங்கை வாவன். ஒரு மேசையைத் தூக்கிறதோ லேசு, ஒரு துவாயைத் தூக்கிறதோ லேசு?"

"உன்ரை வீட்டிலை உன்ரை மனிசி தேத்தண்ணிக்குச் சீனி போடாது."

"உனக்குச் சலரோகம் எண்டபடியால் போடுறேல்லை."

"அதுதான் சொல்லுறன், இஞ்சை வை."

சில மாதங்களுக்கு ஒருதடவை இராசதுரை நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையில் ஊர்ந்து ரெக்ஸ்டேலுக்குப் போவார். தேத்தண்ணி வரும். துவாய்ப் பொட்டலம் உள்ளே இருந்து வரும். அல்பேட் ஒரு முனையை மட்டும் விலக்கிக் காட்டுவான், கலியாணப் பொம்பிளையைக் காட்டுவதுபோல. கதைத்துக் கதைத்து ஒன்றும் படியாமல், "சரி, போட்டு வாறன்" என்று இராசதுரை எழும்புவார். கனடாவில் வியாபாரிக்குக் கடவுள் கொடுத்த ஒரே வரம் பனிச் சப்பாத்து. ஊரில் பத்தடி நடையில் முடிகிற நாடகத்தை இங்கே கதவடியில் குந்தியிருந்து, கயிறு கட்டி, அவிழ்த்து, மற்றக் காலுக்கு மாட்டி, எவ்வளவு நேரமும் இழுக்கலாம். எதிராளி கூப்பிடுவதற்குத் தாராளமாக அவகாசம் கிடைக்கும்.

அல்பேட் கூப்பிடவே மாட்டான். ஏலத்தில் வளர்ந்தவன். சுவரில் சாய்ந்து நின்று கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை மட்டும் சொன்னான்.

"நீ போட்டு வாறன் எண்டுறவரைக்கும் எனக்குப் பயமில்லை, மச்சான். அதுக்குள்ளை ஒரு 'வாறன்' கிடக்கு. அதைச் சொல்லாமல் ஒருநாள் எழும்பிப் போனாயெண்டால்தான் உனக்கு ஆசை விட்டுப்போச்சுது எண்டு விளங்கும்."

"விட்டுப்போகும், விட்டுப்போகும்" என்று சொல்லி இராசதுரை மற்றச் சப்பாத்தையும் மாட்டினார்.

வருடங்கள் இப்படியே போயின. ஓடுகிற ஒரு மேசையை வைத்து விளையாடியிருந்தால் இவ்வளவு தரம் சந்தித்திருப்பார்களா என்பது சந்தேகம். இராசதுரைக்கு அது உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததை வெளியே காட்டுவது வியாபாரம் அல்லவே.

போன கார்த்திகையில் லண்டனில் தம்பி மகளின், பெறாமகளின், கலியாணம். விமானத்தில் யன்னலோரம் இருந்தபோது, ஏனென்று தெரியாமல், தோற்றுப்போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. சரி, மேசை ரெக்ஸ்டேலிலேயே நிற்கட்டும். திரும்பி வந்ததும் போய், சீனி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பெருந்தன்மையாகச் சொல்லவேண்டும். சொல்லும்போது அல்பேட்டின் புருவம் எந்தப் பக்கம் போகும் என்பதை நினைத்து அவர் தனியே சிரித்தார். பக்கத்துச் சீற்றில் இருந்த மனிசி மனோரஞ்சிதம், "என்ன, விசரே?" என்றாள்.

லண்டனில் இருக்கும்போதே செய்தி வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்த அல்பேட் எழும்பவில்லை.

ரிக்கற் மாற்ற முடியாமல் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வர எல்லாம் முடிந்திருந்தது. பார்வைக்கு வைத்தது, பூசை, அடக்கம், முப்பத்தோராம் நாள் பூசைகூட. இராசதுரை தனியாகத் துக்கம் விசாரிக்கப் போனார். அல்பேட்டின் மனைவி மக்டலீன் கதவைத் திறந்தாள். படத்துக்கு முன்னால் மின்சார மெழுகுதிரி ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. சோபா அதே சோபா. அதில் இருக்க மனம் வராமல் கதிரையின் நுனியில் இருந்தார்.

"கோழிக்குழம்பு வேணுமெண்டு கேட்டவர், அண்ணை. நான் வேண்டாமெண்டு மரக்கறி குடுத்தனான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நீங்கள் என்ன செய்வீங்கள், தங்கச்சி" என்று அவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

போர்ட்டைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. செத்த வீட்டில் சாமான் கேட்கிற அளவுக்குத் தான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டார். எழும்பிக் கதவடிக்குப் போய்ச் சப்பாத்து மாட்டக் குந்தினார். அன்றைக்குப் பார்த்துக் கயிறு சிக்கவில்லை. நிமிர்ந்தால் மக்டலீன் உள்ளே போய்வந்து நின்றாள். கையில் ஒரு நீல நிறப் பிஸ்கட் ரின்.

"அண்ணை, இது…" என்று நீட்டினாள்.

செத்த வீட்டில் இனிப்பா? பாவம், வந்தவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்று தவிக்கிறாள் போலிருக்கிறது. இராசதுரை பதறிக் கையை ஆட்டினார்.

"வேண்டாம், தங்கச்சி. வேண்டாம், வேண்டாம்."

அவள் ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்தபடி நின்றாள். ஏதோ ஒரு சொல்லை எதிர்பார்க்கிறவள்போல. துக்க வீட்டில் விடைபெறுவது வழக்கமில்லை. 'போட்டு வாறன்' என்றால் சாவைத் திரும்பவும் அந்த வீட்டுக்கு அழைப்பதாகும். இராசதுரை தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியேறினார். திரும்பியும் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்காக அவர் எந்த வாசலையும் கடந்ததில்லை.

அதன் பிறகு பொறுத்திருந்தார். மரியாதைக்காகப் பொறுக்கிறேன் என்று மனோரஞ்சிதத்திடம் சொன்னார். அது பாதி உண்மை. அவசரப்பட்டால் ஆசை தெரிந்துவிடும் என்ற பழைய வியாதி மற்றப் பாதி. விதவையிடமும் நடை பழகுகிற அந்த வியாதியை அவருக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் ஈஸ்ரர் போகட்டும் என்று இருந்தார். ஈஸ்ரர் போயிற்று, பனி கரைந்தது. ஒரு சனிக்கிழமை காலை, இருப்பதில் மிக நல்ல மேசையை, பரிக் கிழவரின் மேசையை, துடைத்துக் கடையின் வான் வண்டியில் ஏற்றினார். அதை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மனோரஞ்சிதம் வந்து ஒரு பக்கம் பிடித்தாள்.

"உது என்ன பிரேதமே, உப்பிடிப் பக்குவமாத் தூக்கிறியள்?"

"கதையாமல் காலைப் பிடி."

"ஆர் விளையாடப் போறது?"

"ஒருத்தரும் விளையாடத் தேவையில்லை. அவன் கேட்டபடி அவன்ரை வீட்டிலை ஒருக்கா அந்தத் திரை எரியட்டும். மக்டலீன் ஒரு பக்கத்திலை இருந்து பொத்தானை அமத்தினால் காணும்."

"அந்த மனிசிக்கு இப்ப உதுதான் குறை" என்றாள் அவள். ஆனால் மேசைக்குக் கீறல் விழாமல் தன்னுடைய பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தியும் விட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வீட்டுக்குள் போனாள்.

ரெக்ஸ்டேலில் அல்பேட்டின் வீட்டுக்கு முன்னால் வீடு விற்பனை என்ற பலகையும், அதற்கு மேல் விற்றாயிற்று என்ற சிவப்புப் பட்டியும். மக்டலீன் மகனோடு கல்கரிக்குப் போகிறாளாம். கூடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சோபாவைக் காணவில்லை.

"மேசை வெளியிலை வானுக்குள்ளை நிக்குது, தங்கச்சி" என்றார் இராசதுரை, நின்றபடியே. "அவன் கேட்டமாதிரி இஞ்சை வைப்பமெண்டு கொண்டு வந்தனான். நீங்கள் போறதெண்டாலும் பரவாயில்லை, இண்டைக்கு ஒருக்கா எரிச்சுப் பாப்பம். போர்ட்டைக் கொண்டாங்கோ, நான் பூட்டுறன்."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"நீங்கள்தானே அண்ணை வேண்டாமெண்டனீங்கள்?"

"நானோ? எப்ப?"

"பனிக்குள்ளை வந்தனீங்களே. கையிலை கொண்டுவந்து நீட்டினனான். வேண்டாம் வேண்டாமெண்டு கையை ஆட்டிப்போட்டுப் போனியள்."

இராசதுரையின் கை தானாகவே ரின்னின் அளவைக் காற்றில் காட்டியது.

"அது… பிஸ்கட் ரின்…"

"அதுக்குள்ளைதான் வைச்சிருந்தவர். துவாயைச் சுத்தி ரின்னுக்குள்ளை."

பிஸ்கட் ரின்னுக்குள் பிஸ்கட் இருக்கிற ஒரு தமிழ் வீட்டை இராசதுரை இன்றுவரை கண்டதில்லை. அவருடைய வீட்டு நீல ரின்னுக்குள் நூற்கட்டையும் ஊசியும். கடையில் மேசைக்குக் கீழே இருக்கிற ரின்னுக்குள் பழைய சாவிகள். ஊரையே வாங்கி விற்கத் தெரிந்த மனிதன், அன்றைக்கு மட்டும், மூடியில் போட்டிருந்த படத்தை நம்பிவிட்டார்.

"வேண்டாமெண்டாலும் ஒருக்காக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி."

"அவர் சொல்லி வைச்சவர், அண்ணை. முதல் நெஞ்சுநோ வந்த நேரமே சொன்னவர். 'நான் இல்லாட்டியும் இராசதுரை வருவான். வாய்விட்டுக் கேக்கமாட்டான், அது அவன்ரை பழக்கம். போகேக்கை போட்டு வாறன் எண்டானெண்டால் அவனுக்கு வேணும், ரின்னைக் கையிலை குடு. சொல்லாமல் போனானெண்டால் அவனுக்கு விட்டுப்போச்சு. பிறகு வைச்சிருந்து மனவருத்தப்படாதை, எறிஞ்சு போடு.' நான் முதலே கொண்டந்து நீட்டினன். நீங்கள் வேண்டாமெண்டியள். எண்டாலும் அந்தச் சொல்லைச் சொல்லுவியள் எண்டு நிண்டு பாத்தனான். சொல்லேல்லை."

"செத்த வீட்டிலை ஆரேன் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமோ, தங்கச்சி!"

அவருடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. மக்டலீன் கலங்கிப்போனாள்.

"முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு, சுவாமியார் வந்து வீட்டை மந்திரிச்சுப்போட்டுப் போட்டார், அண்ணை. எனக்கு அண்டைக்கு அது செத்த வீடில்லை."

அவளைக் குறை சொல்ல இடமில்லை. அவளுக்குச் சாவு முடிந்திருந்தது. சாவுக்குப் பிறகு முதல்தரம் அந்தப் படியை மிதித்த அவருக்கு அன்றைக்குத்தான் அல்பேட் செத்திருந்தான்.

போர்ட்டை எங்கே எறிந்தார்கள் என்று கேட்டார். வீடு ஒதுக்கும்போது பழைய ரீவி, கம்பியூட்டரோடு மகன் திலக்சன் கொண்டுபோய்ப் போட்டானாம். அவனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"அங்கிள், ஐ ஆம் சோ சொறி" என்றான் திலக்சன். "அது எலெக்ரோனிக் குப்பை எடுக்கிற இடம். அவங்கள் எல்லாத்தையும் அரைச்சிடுவாங்கள். மாசிக்கடைசியிலை குடுத்தது. நான் வேணுமெண்டால் கோல் பண்ணிப் பாக்கட்டே?"

"வேண்டாம், தம்பி" என்றார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றார். கேட்க ஒன்று மிச்சம் இருந்தது. கேட்காமல் போனால் நல்லது என்று வியாபாரிக்குத் தெரிந்தது, கேட்டார்.

"அவன் எப்பவாவது… நான் எழும்பிப் போகேக்கை… கூப்பிடுவம் எண்டு நினைச்சவனே? ஏதும் சொன்னவனே?"

மக்டலீன் பொய் சொல்லத் தெரியாதவள். கொஞ்சம் யோசித்தாள்.

"இல்லை, அண்ணை. ஒண்டும் சொல்லேல்லை."

சித்திரை மாதம்; காலில் வெறும் சிலிப்பர். கட்டக் கயிறில்லை. காலை நுழைத்தார், முடிந்துவிட்டது. படியிறங்கி நடந்தார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கால்கள் தாமாகவே அந்தப் பழைய நடையை நடந்தன. வானின் கதவில் கை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அண்ணை, நில்லுங்கோ!"

ஒரு வாழ்நாள் முழுக்க அந்தக் குரலுக்குத் திரும்பிய கழுத்து திரும்பியது. மக்டலீன் படியில் ஓடிவந்தாள். கையில் அதே நீல ரின். இராசதுரை வானின் கதவிலிருந்து கையை எடுத்தார். எறியவில்லை, மறந்துபோய் உள்ளே எங்கோ வைத்திருக்கிறாள், இப்போதுதான் கண்டெடுத்திருக்கிறாள்…

"ரின் நல்ல ரின் எண்டு எறியேல்லை" என்றாள், மூச்சு வாங்கியபடி. "அச்சுப்பலகாரம் சுட்டனான். வெறுங்கையோடை போகாதையுங்கோ."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பாரமே இல்லை.

"போட்டு வாறன், தங்கச்சி."

"ஓம், அண்ணை" என்றாள் அவள், விற்றாயிற்று என்ற பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

திரும்பி வரும்போது நாலுநூற்றொன்றில் எங்கோ விபத்து, வண்டிகள் ஊர்ந்தன. நின்று நின்று எடுக்கும்போதெல்லாம் பின்னால் மேசையின் கண்ணாடி கடகடத்தது. யாரோ பின்சீற்றில் இருந்து விரலால் தட்டுவது போலிருந்தது. இராசதுரை பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். மனோரஞ்சிதத்தின் பழைய போர்வை.

வெக்ஸ்போர்ட்டில் கராஜுக்கு முன்னால் வானை நிறுத்தியபோது அவள் வெளியே வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"திருப்பிக் கொண்டந்திட்டியளோ? என்ன, படியேல்லையோ?"

"படிஞ்சுது" என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த ரின்னை வாங்கித் திறந்து, ஒன்றை உடைத்துப் பாதியை அவரிடம் நீட்டினாள்.

"நல்லாச் சுட்டிருக்கிறா. எண்ணெய் இல்லை."

வாயில் போட்டார். மொறுமொறுவென்று உடைந்தது. கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே மேசைகள் வரிசையாக, கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தபடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் கதிரை போட இடம் விட்டு நின்றன.

"இறக்குவமே?" என்றாள் மனோரஞ்சிதம்.

"உனக்கு இடுப்பு நோவெல்லே."

"அப்ப ஆரையும் கூப்பிடுங்கோவன்."

இராசதுரை யாரைக் கூப்பிடலாம் என்று நின்று யோசித்தார். அவள் ரின்னை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கும் அடுத்த நாளும் மேசை வானுக்குள்ளேயே கிடந்தது.